1958 மாரிஸ் மைனர் காருக்கு ஹீட்டர் போட்டேன், வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. உதவுங்கள்

ஊட்டி_மைனர்
வணக்கம் நண்பர்களே. தாத்தா எஸ்டேட்டில் இருந்தபோது வாங்கிய மைனர் 1000, 948 சிசி, இப்போது என்னிடம் ஓடுகிறது. ஹீட்டருக்கு அன்றைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம், தாத்தா கட்டவில்லை. வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் அம்மாவைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். தை மாதத்தில் கேத்தி தாண்டுவதற்குள் எங்கள் மூச்சிலேயே கண்ணாடி வெளுத்துவிடும். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வருவார். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துப் பார்த்தேன், அது வெளியில் அடிக்கும் மழைக்குத்தான் உதவுகிறது.

அதனால் புதுப்பேட்டையில் ஒரு சின்னக் காரின் ஹீட்டர் பெட்டியை மோட்டாரோடு எடுத்து டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டினோம். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருந்த மூடு தகட்டைக் கழற்றி, அங்கே ஹீட்டர் டேப் (திறந்து மூடும் குழாய்) வைத்துத் தண்ணீர் எடுத்தோம். திரும்பும் ஹோஸ் ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் சேர்கிறது. ஒழுகல் இல்லை. ஆனால் பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது, அதுவும் மெலிதாக. மோட்டார் சத்தம் மட்டும் பலமாக இருக்கிறது. ஹீட்டர் கோர் (சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் உள்பாகம்) அடைத்திருக்கிறது, வேறு வாங்கு என்கிறார் மெக்கானிக். அதுதான் காரணமா?

மலைப்பாதை_டிரைவர்
இவ்வளவு வேலை எதுக்குங்க? லைட்டர் சாக்கெட்டில் சொருகுற 150 வாட் ஹீட்டர் கிடைக்குது. இல்லைன்னா சைலன்சர் குழாயைச் சுத்தித் தகடு அடிச்சு, அந்தச் சூட்டை உள்ளே விட்டுடலாம்.

பழைய_ஸ்பேனர்
தம்பி, அந்த இரண்டு வழியும் வேண்டாம். துணி தேய்க்கும் பெட்டியே 750 வாட், அதில் ஐந்தில் ஒரு பங்கு சூட்டை வைத்துக்கொண்டு ஒரு காரையும் கண்ணாடியையும் எப்படிக் காய வைப்பது? அதற்கே பேட்டரியிலிருந்து பன்னிரண்டு ஆம்பியர் போய்விடும். சைலன்சர் யோசனை அதைவிட ஆபத்து. குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மாவை உட்கார வைத்துப் போகிற வண்டியில் அந்தச் சோதனையே கூடாது.

மைனர் தம்பிக்கு: கோரை மாற்றும் முன் கையால் பாருங்கள். வண்டி நன்றாக ஓடி நின்றதும், டேப் முழுதும் திறந்திருக்க, ஹீட்டருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் தொடுங்கள். போவது கொதித்து, வருவது சில்லென்று இருந்தால் அடைப்பு, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் கோரின் மேல் குற்றமில்லை, இன்ஜினே சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

ஊட்டி_மைனர்
பார்த்தேன் அண்ணா. இரண்டு ஹோஸும் ஒரே இளஞ்சூடு, எவ்வளவு நேரமும் பிடித்திருக்கலாம். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த வண்டியில் டெம்பரேச்சர் மீட்டரே கிடையாது. எங்கள் குளிருக்கு இன்ஜின் சூடே ஆகாது, தெர்மோஸ்டாட் எதற்கு என்கிறார் மெக்கானிக்.

பழைய_ஸ்பேனர்
குளிர் ஊருக்குத்தான் அது கட்டாயம் தேவை. மூடியிருக்கும் வரை தெர்மோஸ்டாட் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது, இன்ஜினுக்குள்ளேயே சுற்ற வைத்துச் சூடேற்றும். குறித்த சூடு வந்த பிறகுதான் திறக்கும். சமவெளியில் வண்டி கொதித்தால் அதைப் பிடுங்கிப் போடுவது நம் பட்டறைகளில் பழக்கம். அப்படிப் பிடுங்கிய வண்டியில் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். குன்னூர் பக்கம் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் போகும்போது கேட்கவே வேண்டாம். ஹீட்டருக்கு மிச்சம் என்ன இருக்கும்? பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்து மூடியின் உள்ளே வெண்ணெய் மாதிரி படியும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்.

காசில்லாத சோதனை ஒன்று: ரேடியேட்டரின் முன்னால் முக்கால் பாகத்தை அட்டையால் மறைத்து ஆறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். மலையில் லாரிக்காரர்கள் சாக்கு கட்டுவது இதற்காகத்தான். ஹீட்டரில் சூடு கூடினால் சந்தேகமே வேண்டாம். மேல் ஹோஸை அடிக்கடி தொட்டுப் பாருங்கள், ஏற்றத்தில் அட்டையோடு விடாதீர்கள்.

ஊட்டி_மைனர்
அட்டை வைத்து லவ்டேல் வரை போய் வந்தேன். ஹோஸைப் பிடிக்க முடியாத சூடு! ஆயில் மூடிக்குள் நீங்கள் சொன்ன வெண்ணெயும் இருந்தது.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றத்தான் பெரும்பாடு. மூன்று ஸ்டட்டிலும் துரு ஏறி ஒட்டிப்போயிருந்தது. இரண்டு ராத்திரி துரு ஆயில் ஊற்றி ஊறவைத்து, மரத்துண்டு வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டியபோது அசைந்தது. உள்ளே பழைய கேஸ்கெட்டின் கறுப்புத் துணுக்கு மட்டும்தான், தெர்மோஸ்டாட் இல்லை. எத்தனை டிகிரியில் திறப்பதை வாங்கட்டும், 82ஆ 88ஆ?

பழைய_ஸ்பேனர்
82 போதும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால் கொதிநிலை ஏறும், மூடியின் ரப்பர் செத்திருந்தால் 88க்கும் கொதிப்புக்கும் இடையில் இடமே இருக்காது. மூடியையும் புதிதாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்து எப்போது திறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் மேட்டில் நிற்கட்டும், டேப் திறந்திருக்கட்டும். ஹீட்டரின் திரும்பும் ஹோஸைக் கழற்றி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை ஊற்றி, பிறகு மாட்டுங்கள். இல்லையென்றால் கோரில் காற்று நின்றுவிடும்.

லூகாஸ்_வயரிங்
காற்று மெலிதாக வருவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. மோட்டாரின் எந்த வயரை பாடியில் எர்த் செய்திருக்கிறீர்கள்?

ஊட்டி_மைனர்
கறுப்பு வயரைங்க. சிவப்பு ஃப்யூஸ் பாக்ஸில் இருந்து வருகிறது.

லூகாஸ்_வயரிங்
அங்கேதான் கோளாறு. மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். உங்கள் மோட்டார் நெகட்டிவ் எர்த் காரிலிருந்து வந்தது, உள்ளே நிலைக்காந்தம் இருக்கும். இப்படி இணைத்தால் தலைகீழாகச் சுற்றும். டேபிள் ஃபேன் என்றால் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். இது உருளை மாதிரி இருக்கும் பிளோயர், தலைகீழாகச் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் காற்று வரும், பலம் மட்டும் போய்விடும். சத்தமும் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

சிவப்பை பாடிக்கும் கறுப்பை சுவிட்சுக்கும் மாற்றுங்கள். மோட்டாரின் உறை எந்த வயரோடும் தொடர்பில் இல்லை என்பதை முதலில் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் பாக்ஸில் ஏ4 முனையில் எடுங்கள், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும். அங்கே இருப்பது 35 ஆம்பியர் ஃப்யூஸ், மோட்டாருக்குப் பெரிது. வழியில் தனியாக 10 அல்லது 15 ஆம்பியர் ஒன்று வையுங்கள்.

ஊட்டி_மைனர்
நேற்று எல்லாம் முடிந்தது. 82 தெர்மோஸ்டாட், புது மூடி, வயர் மாற்றம். சுவிட்சைப் போட்டதும் டேஷ்போர்டில் கிடந்த பெட்ரோல் ரசீது பறந்து பின் சீட்டில் விழுந்தது! இன்று காலை ஐந்தரைக்குப் புல்லெல்லாம் உறைபனி. நாலாவது கிலோமீட்டரில் சூடான காற்று வந்தது. பெட்டியிலிருந்து கண்ணாடிக்கு இரண்டு வளையும் குழாய் விட்டிருக்கிறேன், கேத்திக்கு முன்பே கீழிருந்து மேலாக வெளுப்பு விலகியது. அம்மா முந்தானையை எடுக்கவே இல்லை. பாதி வழியில் சால்வையையும் மடித்து வைத்துவிட்டார். நீங்கள் இருவரும் ஊட்டி வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான்.

ஒரே ஒரு சந்தேகம். ஹெட்லைட்டும் ஹீட்டரும் ஓடும்போது, வண்டி மெதுவானால் சார்ஜ் விளக்கு மினுக்குகிறது.

லூகாஸ்_வயரிங்
உங்கள் டைனமோ முழு வேகத்திலேயே 19 ஆம்பியர்தான் தரும், ஐடிலில் ஒன்றுமே வராது. இரண்டு ஹெட்லைட்டுக்கு ஏழெட்டு, மோட்டாருக்கு ஏழெட்டு, காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் போகும், கணக்கு சரியாகத் தீர்ந்துவிடும். வண்டி நிற்கும்போது பிளோயரை நிறுத்துங்கள். கண்ணாடி தெளிந்ததும் குறைந்த வேகத்தில் விடுங்கள். ஃபேன் பெல்ட் தளர்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்காடு_எம்எம்
என்னிடம் இருப்பது 1949 மைனர், 918 சிசி சைட் வால்வ். இதே முறை எனக்கும் வருமா?

பழைய_ஸ்பேனர்
வராது ஐயா. உங்கள் இன்ஜினில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானாக மேலே ஏறி, ஆறிய நீர் கீழே இறங்கும் ஓட்டம்தான். அதற்கு ஹீட்டர் கோர் வழியாகத் தள்ளும் பலம் இல்லை. அந்த இன்ஜினுக்கே பிறகு ஹீட்டருக்காகப் பம்ப் வந்தது, அது கிடைத்தால் மாட்டலாம். இல்லையென்றால் ஹீட்டர் ஹோஸில் ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் வைக்க வேண்டும். ஹெட்டின் படம் ஒன்று போடுங்கள், தண்ணீரை எங்கே எடுக்கலாம் என்று பார்ப்போம்.

மைனர் தம்பி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறிய பிறகு எல்லா ஹோஸ் கிளிப்பையும் ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.