பி.பி.டி. இன்டர்ன்ஷிப் வடசென்னையிலேயே செய்ய முடியுமா? அனுமதி, மேற்பார்வையாளர் பற்றிக் கேள்வி

தேரடி_மாணவி:

வணக்கம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரியில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) நாலாம் வருஷம் படிக்கிறேன். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், காலேஜ் ஊருக்கு அந்தக் கோடியில். ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம், இல்லையென்றால் நாமே வெளியே இடம் பார்த்து வந்தால் தடையில்லாச் சான்று தருகிறோம் என்கிறார்கள். மூன்று சந்தேகம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்ய ஆசை. யாரிடம் போய் நிற்பது? எத்தனை மாதத்துக்கு முன் ஆரம்பிக்கணும்?

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோ கிளினிக் இருக்கிறது. "இங்கேயே வாம்மா, ஆறு மாதத்துக்கும் கையெழுத்து போட்டுத் தரேன்" என்கிறார்கள். அது செல்லுமா?

மூன்றாம் வருஷத்தில் ஒரு பேப்பர் அரியர். அதை வைத்துக்கொண்டு இன்டர்ன்ஷிப் தொடங்கலாமா?

ராயபுரம்_பிசியோ:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் மற்றது எல்லாம் அதில்தான் நிற்கிறது. எல்லாப் பாடமும் தேறிய பிறகுதான் இன்டர்ன்ஷிப். அரியரோடு ஆரம்பித்துவிட்டு நடுவில் பாஸ் பண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாட்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், திரும்பச் செய்ய வேண்டி வரும். ரிசல்ட் தேதியை வைத்துத்தான் தொடக்கத் தேதியை முடிவு பண்ணணும்.

இடம் என்றால் மூன்று வாசல் உண்டு. ஒரு வாசலில் கொடுக்கவேண்டிய கடிதத்தை இன்னொரு வாசலில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் பாதிப் பேருக்கு மாதக்கணக்கில் வீணாகிறது.

ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மாதிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லியோடு சேர்ந்தது. தனியார் கல்லூரி மாணவர் நேராக டிபார்ட்மெண்டுக்குப் போய்க் கேட்டால், மனசு இருந்தாலும் அவர்களால் சேர்த்துக்கொள்ள முடியாது. உங்கள் முதல்வர் டீனுக்கு எழுதவேண்டும், இயக்ககத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும். டீன் அலுவலகம் இயக்ககத்தின் அனுமதி வேண்டும் என்று சொன்னால், அந்தக் கோப்பு கீழ்ப்பாக்கம் போய் வந்த பிறகுதான் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) கைக்கு வரும், அதற்கப்புறம்தான் துறைத் தலைவர். குறைந்தது மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு என்றால் நிம்மதி.

மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேறு வாசல். திருவொற்றியூர் முதல் மண்டலம், மணலி இரண்டு, மாதவரம் மூன்று, தண்டையார்பேட்டை நான்கு, ராயபுரம் ஐந்து. எதுவானாலும் கடிதம் ரிப்பன் மாளிகையில் மாநகர நல அலுவலருக்கு. மண்டல அலுவலகத்தில் கொடுத்தால் அவர்களும் அங்கேதான் அனுப்புவார்கள்.

தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு. பழைய வண்ணாரப்பேட்டை ரெய்னி மருத்துவமனை மாதிரி இடங்களில் முதலில் பிசியோ டிபார்ட்மெண்டில் நேரில் பேசி, எத்தனை பேரை எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கடிதம் வாங்குவது உத்தமம்.

கடிதத்தில் என்ன இருக்கணும்: உங்கள் பெயர், பல்கலைக்கழகப் பதிவு எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தினசரி நேரம், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், கல்லூரித் தரப்பில் பொறுப்பு ஆசிரியர் யார், உதவித்தொகை கேட்கமாட்டோம் என்ற வரி. "ஆறு மாத காலம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். இணைப்பாக போனஃபைடு (அந்தக் கல்லூரி மாணவர்தான் என்ற சான்று), மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், தடுப்பூசிச் சான்று, பாஸ்போர்ட் போட்டோ நான்கு. கட்டணம் இருந்தால் டிடி யார் பெயரில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே எடுங்கள்.

தபால் பிரிவில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் முத்திரையும் தபால் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி எந்த செக்‌ஷனில், எந்த சீட்டில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். எண் இல்லாமல் போனால் முதலிலிருந்து தேடவேண்டியதுதான்.

வார்டு_மேற்பார்வை:

கிளினிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். கையெழுத்து போட்டுத் தருவதாக முதல் வார்த்தையிலேயே சொல்கிற இடத்தில் கற்றுத்தர ஆள் இருக்காது. அதை விடுங்கள், நியாயமான கிளினிக்காகவே இருந்தாலும் அங்கே வருவது கழுத்து, இடுப்பு, முட்டி, தோள். காசிமேட்டுத் துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர் என்று அதில் நல்ல கேஸ் நிறையவே கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி, வயிற்று அறுவைக்கு மறுநாள் இருமக்கூடப் பயப்படுகிறவர், பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் படுக்கையில் இருப்பவர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை இவர்களைக் கிளினிக்கில் எங்கே பார்ப்பீர்கள்? இன்டர்ன்ஷிப் எல்லாப் பிரிவிலும் சுழன்று வருவதற்கானது.

மருத்துவமனைப் பெயரைப் பார்த்து இடம் தேடுவதும் எனக்கு உடன்பாடில்லை. மேற்பார்வையாளரைப் பார்த்துத் தேடுங்கள். நேரில் போகும்போது நாலு விஷயம் கேளுங்கள். எம்.பி.டி. (பிசியோ முதுநிலைப் பட்டம்) முடித்தவர் முழுநேரமாக இருக்கிறாரா, மாலை மட்டும் வருகிறாரா? ஒருவருக்குக் கீழ் எத்தனை இன்டர்ன்? நாலைந்து பேர் என்றால் சரி. பதினைந்து பேர் என்றால் ஆறு மாதமும் ஐ.எஃப்.டி. (வலிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) பேடு ஒட்டிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது கேஸ் விவாதம் உண்டா? அவர் லீவில் போனால் யார் பொறுப்பு? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அந்த இடத்தைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

மேற்பார்வை என்றால் என்ன என்று இங்கே பலருக்கும் குழப்பம். பக்கத்து அறையில் ஒருவர் இருப்பது மேற்பார்வை ஆகாது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் சில நாள் அவர் செய்ய நீங்கள் பார்க்கணும், பிறகு நீங்கள் செய்ய அவர் பக்கத்தில் நிற்கணும், அதற்குப் பிறகுதான் கூப்பிடு தூரத்தில் அவர் இருக்க நீங்கள் தனியாகச் செய்யலாம். ஐ.சி.யு.வில் மூன்றாவது படிக்கு அவசரப்படவே கூடாது. நோயாளியை உட்காரவைக்கும் முன் சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் இருக்கிறதா, ஆக்சிஜன் செறிவு 90-ஐ ஒட்டியாவது நிற்கிறதா, அழுத்தத்தைத் தாங்கப் போடும் மருந்தின் அளவை அன்று காலையில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பொறுப்பு டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கணும். எண் சரியாக இருந்து முகம் வெளிறினாலும் படுக்க வைத்துவிடணும். அந்தக் கண் புத்தகத்தில் வராது.

ஸ்டான்லி கிடைத்தால் கை அறுவைப் பிரிவில் சில வாரமாவது கேட்டு வாங்குங்கள். மிஷினில் மாட்டிய கை, கண்ணாடி கிழித்த கை என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் குறைவு. மேற்பார்வை ஏன் வேண்டும் என்பதும் அங்கேதான் புரியும். மடக்கும் தசைநாணைத் தைத்த கையில் முதல் மூன்று வாரம் தையலின் பலம் மிகக் குறைவு. நோயாளி விரல் விறைக்கிறது என்பார், இன்டர்ன் பரிதாபப்பட்டு ஸ்ப்ளிண்டை (கையை அசையாமல் தாங்கும் கட்டு) கழற்றி நன்றாக இறுக்கி மடக்குங்கள் என்பார். தையல் அறுந்தால் மறுபடி அறுவை. எந்த வாரத்தில் எந்த அசைவு என்பதை அறுவை செய்தவரின் குறிப்பைப் பார்த்து, மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே செய்யவேண்டும்.

ஓ.பி.யிலும் (புறநோயாளிப் பிரிவு) அப்படித்தான். ஹாட் பேக் (ஒத்தடம் கொடுக்கும் சூட்டுப் பை) ஊறும் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துண்டு வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சூடு தெரிகிறதா என்று இரண்டு டெஸ்ட் டியூபில், ஒன்றில் சுடுதண்ணீர் ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, கண்ணை மூடச்சொல்லிப் பார்க்காமல் வைத்தால், அவர் வலிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார், துண்டை எடுக்கும்போது கொப்புளம் நிற்கும்.

மணலி_ஆர்.எம்.:

தடுப்பூசி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இதில்தான் நாள் இழுக்கும்.

ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதக் கணக்கு. மூன்றாவது போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆன்டிபாடி அளவு பார்க்கணும், 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. ஆக முழுதாக ஏழெட்டு மாதம். நாலாம் வருஷம் நடக்கும்போதே போட ஆரம்பித்தால்தான் சேரும் நாளில் கையில் சான்று இருக்கும். தாமதமாகிவிட்டதென்றால் 0, 1, 2 மாதம், பிறகு 12-ஆம் மாதம் ஒன்று என்ற வேக முறையும் உண்டு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன வயதில் போட்டிருந்தால் அட்டையைத் தேடுங்கள், இல்லையென்றால் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்.

நெஞ்சுப் பிரிவில் போஸ்டிங் என்றால் என்95 சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சளி எடுக்கவைக்கும் பயிற்சி கொடுக்கும்போது நோயாளி உங்கள் முகத்துக்கு நேராகத்தான் இருமுவார். காசநோய் முடிவு வராத ஆளிடம் மூன்று மடிப்புச் சாதா மாஸ்க் போதாது. மாஸ்க்கை முகத்தோடு இறுக்கிப் போட்டு மூச்சு விட்டுப் பார்த்தால் ஓரத்தில் காற்று போகக்கூடாது.

ஊசி குத்திக்கொண்டால்: சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே கேஷுவாலிட்டி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயன் இல்லை. "இன்டர்னுக்கு யார் செலவு செய்வார்கள்" என்று யோசித்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடாதீர்கள். அதைச் சேரும் முன்பே, அனுமதிக் கடிதம் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

தேரடி_மாணவி:

ரொம்ப நன்றி. கிளினிக் யோசனையை விட்டுவிட்டேன், அரியரை முதலில் முடிக்கிறேன். ஹெப் பி நாளைக்கே முதல் ஊசி. இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்டான்லி கிடைக்கவில்லை என்றால் காலேஜ் ஆஸ்பத்திரியில் கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பிரித்துச் செய்யலாமா? லாக் புக்கில் எப்படி எழுதணும்?

ராயபுரம்_பிசியோ:

பிரிக்கலாம், ஆனால் கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொள்ளணும். வாய்மொழியாகச் சொன்ன முதல்வர் மாறிவிட்டால் அடுத்து வருபவருக்கு அது தெரியாது. தீக்காயம் வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. கர்ப்பிணிகள், பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சி, இடுப்புத்தளத் தசை வேண்டுமென்றால் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆர்.எஸ்.ஆர்.எம்.மை ஸ்டான்லியோடு சேர்த்துக் கேட்டால் போக்குவரத்தும் ஒத்துவரும், தேரடியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ நேராக இருக்கிறது.

சமுதாயப் போஸ்டிங் வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீட்டிலேயே கிடப்பவர்களுக்கு பிசியோவும் அதில் உண்டு. ரிப்பன் மாளிகைக் கடிதத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். எண்ணூர், கத்திவாக்கம் பக்கத்துக் குறுகலான வீடுகளில் பக்கவாதக்காரரை எப்படி எழுப்பி வாசல்வரை கொண்டுவருவது என்பதை எந்த ஜிம்னேசியமும் சொல்லித்தராது. மூன்று வாரம் கிடைத்தாலே பெரிது.

வார்டு_மேற்பார்வை:

வாரக் கணக்கு இப்படிப் போட்டால் 26 வாரமும் நிறையும்: எலும்பு மூட்டு 6, நரம்பியல் 6, நெஞ்சு ஐ.சி.யு.வோடு சேர்த்து 5, கை அறுவை, தீக்காயம் இரண்டும் சேர்த்து 3, குழந்தை 3, சமுதாயம் 3. இது என் பங்கீடு. கல்லூரியின் பட்டியல் வேறாக இருந்தால் அதற்கே முதல் இடம்.

லாக் புக்கில் தினமும் எழுதணும். தேதி, பிரிவு, வந்த நேரம் போன நேரம், நோயாளியின் வயது, பாலினம், நோய், நீங்கள் மதிப்பிட்டது என்ன, செய்தது என்ன, பார்த்தீர்களா உதவினீர்களா தனியாகச் செய்தீர்களா. பெயரும் ஓ.பி. எண்ணும் எழுதாதீர்கள், வார்டில் போட்டோவும் எடுக்காதீர்கள். வாரக் கடைசியில் சனிக்கிழமை கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மொத்தமாக நீட்டினால், அந்த மேற்பார்வையாளர் அதற்குள் இடமாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருப்பார், முத்திரையும் அவரோடு போயிருக்கும்.

வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 26 வாரத்துக்கு 936 மணி. விடுமுறை, லீவு கழித்து மீதியைப் பிரிவுவாரியாகக் கூட்டித் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பதிவுக்குப் போகிறவர்களிடம் இந்தப் பிரிவுவாரி மணிக்கணக்கைத்தான் கேட்கிறார்கள். அப்போது லெட்டர்பேடில் வாங்க அலைவதைவிட, முடிக்கும் நாளிலேயே வாங்கிவிடலாம்.

இன்னொன்று. அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதி, நீங்கள் கொடுக்கும் ஜாயினிங் ரிப்போர்ட், கடைசியில் வரும் சான்றிதழ் மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கவேண்டும். திங்கட்கிழமை சேரச்சொன்னதை புதன்கிழமை சேர்ந்துவிட்டு, சான்றிதழில் திங்கள் என்று போட்டால் பல்கலைக்கழகத்தில் கேள்வி வரும். இரண்டு நாள் தாமதமானால் இரண்டு நாள் கூடுதலாகச் செய்து, புதுத் தேதியை ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.