சிஸ்டம்டி நிப்பாட்டினா டெம்ப் பைலும் லொக் பைலும் அழியாமக் கிடக்கு

வாவிக்கரை (மட்டக்களப்பு)
நெல் ஆலைத் தராசுல இருந்து சீரியல் போர்ட் வழியா நிறை வாங்குற பைதன் புரோகிராம். ஒரு லொறி முடியும் வரைக்கும் டெம்ப் பைல்ல எழுதி, பிறகு சிஎஸ்வியா மாத்துது. ரெண்டு தரம் ஓடாம இருக்க ஒரு லொக் பைலும் உண்டாக்குது. உபுண்டுல சிஸ்டம்டி (புரோகிராம்களைத் தொடங்கி நிப்பாட்டுற பகுதி) சேர்விஸா ஓடுது. கரண்ட் போய் யூபிஎஸ் மெஷினை நிப்பாட்டினா ரெண்டு பைலும் அப்படியே கிடக்கு. மறுகா, லொக் கிடக்குறதால புரோகிராம் தொடங்குதில்ல. கொன்ட்ரோல்-சி அடிச்சா மட்டும் ஒழுங்கா அழியுது. அழிக்கிற கோட் ஃபைனலிக்குள்ளதான் (பிழை வந்தாலும் கடைசியா ஓடுற பைதன் பகுதி) இருக்கு. ஏன் இப்படி?

கல்முனைக்குடி
கொன்ட்ரோல்-சி அனுப்புறது சிக்இன்ட், 2ஆம் சிக்னல் (ஓடுற புரோகிராமுக்கு வாற அறிவிப்பு). பைதன் அதைக் கீபோர்ட்இன்டரப்ட் எக்ஸெப்ஷனா மாத்துறதால ஃபைனலி ஓடும். சிஸ்டம்டி அனுப்புறது சிக்டெர்ம், 15. அதுக்குப் பைதன் எதுவும் பதிஞ்சு வைக்கிறதில்ல. கேர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) புரோசஸை, அதாவது ஓடுற புரோகிராமை, அந்த இடத்திலேயே முடிச்சிரும். ஃபைனலியும் ஓடாது, அட்எக்ஸிட்டும் (வெளியேறக்குள்ள ஓடப் பதிஞ்சு வைக்கிற வேலை) ஓடாது. சிக்டெர்முக்கு ஒரு ஹான்ட்லர் (சிக்னல் வந்தா ஓடுற ஃபங்ஷன்) பதிஞ்சு, அதுக்குள்ள சிஸ்.எக்ஸிட்(0) மட்டும் போடுங்க. அதுவும் எக்ஸெப்ஷனா வாறதால ஃபைனலி ஓடும். ஹான்ட்லரை மெயின் த்ரெட்ல (புரோகிராம் தொடங்குற முதல் ஓட்டம்) இருந்துதான் பதியலாம்.

சீரியல் ரீட் வேற த்ரெட்ல ஓடினா அதுக்கு 1 செக்கன் டைம்அவுட் குடுங்க. இல்லாட்டி தராசு ஒண்டும் அனுப்பாத நேரம் அந்த த்ரெட் முடியாது. சிஸ்டம்டி வழமையா 90 செக்கன் பார்த்துட்டு சிக்கில் (கட்டாயமா முடிக்கிற சிக்னல்) அனுப்பிரும்.

அக்கரைப்பற்று நானா
தம்பி, ஹான்ட்லரை மட்டும் நம்பி இருக்க வேணாம். சிக்கில், அதாவது 9, எந்தப் புரோகிராமாலயும் பிடிக்க ஏலாது. யூபிஎஸ் பட்டரி செத்தா சிக்னலே வராது. பைல் இருக்கா இல்லையா எண்டு பார்க்கிறதை லொக்கா வைக்காதீங்க. லொக் பைலைத் திறந்து, எஃப்லொக் (திறந்த பைல்ல கேர்னல் வைக்கிற பூட்டு) பிடிங்க, காத்திருக்காத வகையில. புரோசஸ் எப்படிச் செத்தாலும் கேர்னல் அதை விட்டுரும்.

டெம்ப் பைலை சிஎஸ்வி இருக்கிற அதே போல்டர்ல வைங்க. எழுதி முடிய ஃப்ளஷ், எஃப்சிங்க் (எழுதினதை டிஸ்க் வரைக்கும் சேர்க்கிறது), பிறகு ஓஎஸ்.ரீப்ளேஸ் (டெம்ப்பை சிஎஸ்வி பேருக்கு மாத்துறது). வேற பைல்சிஸ்டத்துல வைச்சா ரீப்ளேஸ் பிழை குடுக்கும். தொடக்கத்துல லொக் கிடைச்ச பிறகுதான் பழைய டெம்ப்பைத் தொடணும். அதுக்குள்ள பாதி லொறியின் நிறை இருக்கும். அழிக்காம பேரை மாத்தி ஒதுக்கி வைக்கிறது நல்லம்.

வாவிக்கரை
நானா, வெளியேறக்குள்ள லொக் பைலையும் அழிச்சா சுத்தமா இருக்கும்தானே?

அக்கரைப்பற்று நானா
அழிக்கவே வேணாம். நீங்க அழிக்கிற நேரம் ரெண்டாவது புரோசஸ் பழைய பைலைத் திறந்து வைச்சிருக்கலாம். மூண்டாவது வந்து அதே பேர்ல புதுசா உண்டாக்கும். ரெண்டு பைல், ரெண்டு லொக், ரெண்டு புரோசஸும் ஒரே தராசை வாசிக்கும். வெறும் பைல்தானே, கிடக்கட்டும். எல்லாம் மாத்தினாப் பிறகு லொறி பாதியில கில் -9 போட்டு, திருப்பித் தொடங்குதா எண்டு பாருங்க.