தமிழ் பங்க் ராக்கில் புது சிங்கிள்ஸ் வேண்டும் (வேலூர்)

காட்பாடியில் மூன்று பேர் சேர்ந்து கிதார், பேஸ், டிரம்ஸ் வாசிக்கிறோம். பொங்கல் முடிந்து சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடி நிகழ்ச்சி. இடைவேளையில் ஓடவிட அரைமணி நேரத்துக்குப் பாட்டு வேண்டும், எல்லாம் புது ஆட்களுடையதாக. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

ஸ்பாட்டிஃபையில் ‘தமிழ் இண்டி’ என்று தேடினால் மழை, காபி, காதல் தோல்வி. அதை விட்டால் சினிமாப் பாட்டின் கவர். யூடியூப் ஏற்கெனவே கேட்டதையே திருப்பித் தள்ளுகிறது. பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் சென்னை டேக்கில் எங்களுக்குச் சிக்கியது பெரும்பாலும் மெட்டல், அதுவும் ஆங்கிலத்தில். லாங் பஜார் பக்கம் கிதார் கம்பி வாங்கும் கடையில் கேட்டேன், அண்ணன் கீபோர்டு விலை சொன்னார். சென்னைக்கே போய் லைவில் கேட்கலாம் என்றால், முடிவதற்குள் கடைசி ரயில் போய்விடுகிறது.

2024-க்குப் பிறகு வந்ததாக, மூன்று நிமிடத்துக்குள், டிஸ்டார்ஷன் கிதாரோடு கத்திப் பாடுவதாக இருக்க வேண்டும். 1976-ல் அமெரிக்க பங்க் பேண்ட் ராமோன்ஸ் முதல் ஆல்பத்தின் 14 பாட்டையும் அரைமணிக்குள் முடித்தார்களே, அந்த வேகம். ரெக்கார்டிங் கரகரவென்று இருந்தாலும் சரி. சென்னை பேண்ட் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் எல்லோருக்கும் தெரியும், அது வேண்டாம்.

இப்படிப் பாடும் புது தமிழ் பேண்டில் எந்த சிங்கிளை முதலில் கேட்கலாம்?