சாமி ஸ்டிக்கருக்குப் பின்னால் மூன்று ஓட்டைகள்

என்னிடம் இருப்பது 1978 பிரீமியர் பத்மினி. வாங்கும்போது எஞ்சின், பாடி, ஆர்.சி. புக் எல்லாம் பார்த்தேன். டேஷ்போர்டில் வரிசையாக மூன்று சாமி ஸ்டிக்கர்கள் இருந்தன, பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது முருகர் கையோடு வந்துவிட்டார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பின்னால் ஓட்டை. மற்ற இரண்டிலும் அதே கதை. யாரோ ஹோல் சா வைத்து இரும்புத் தகட்டை 52 மில்லிமீட்டருக்கு அறுத்து மீட்டர் மாட்டி, விற்கும்போது கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் மேல் கோபம் இருந்தாலும் காரணம் புரிந்தது. பத்மினியில் ஆயில் பிரஷருக்கு இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். பிரஷர் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் அது எரியும். 1089 சி.சி. பழைய எஞ்சினை வைத்திருப்பவனுக்கு அதற்கு முன்னால் தெரிய வேண்டும். ஆனால் பத்மினியின் ஸ்பீடோமீட்டர் நீளப் பட்டை. அதன் பக்கத்தில் உருண்டை மீட்டர் வைத்தால் பட்டு வேட்டிக்கு மேல் ஜெர்கின் போட்ட மாதிரிதான் இருக்கும்.

முதலில் ஓட்டைகளை அடைத்தேன். டிங்கர் அண்ணன் அதே கனத்தில் தகடு வெட்டி, புள்ளிப் புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் சுற்றி வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்த்து, மீட்டர் விலையைப் போல மூன்று மடங்கு செலவு.

அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் ஏற்கெனவே இருந்த திருகுகளிலேயே தொங்குகிற மாதிரி ஒரு அலுமினியப் பட்டை செய்தேன். இரண்டே மீட்டர்: ஆயில் பிரஷர், வோல்ட். அம்மீட்டர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. ஸ்டார்ட்டருக்குப் போவதைத் தவிர வண்டியின் மின்சாரம் மொத்தமும் அதன் வழியாகப் போய்வர வேண்டும், பழைய வயரில் அந்த வம்பு எதற்கு?

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையில் வாங்கிய முதல் ஆயில் மீட்டர், மெல்லிய நைலான் குழாயில் எஞ்சின் ஆயிலையே உள்ளே கொண்டுவரும் வகை. திண்டிவனம் தாண்டியதும் குழாய் இணைப்பில் கசிந்து, பக்கத்தில் இருந்த என் மனைவியின் காலில் சூடான ஆயில் சொட்டியது. அன்று கேட்டதை இங்கே எழுத முடியாது.

பிறகு சென்சார் வகைக்கு மாறினேன். டி-ஜாயின்ட் போட்டுப் பழைய சிவப்பு விளக்கையும் வைத்துக்கொண்டேன். ஸ்டார்ட் செய்தால் முள் அசையவே இல்லை. மீட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன், ம்ஹும். பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன்தான் எட்டிப் பார்த்து, "சார், இவ்வளவு டெஃப்லான் டேப் சுத்தினா எர்த் எப்படி சார் கிடைக்கும்?" என்றான். அந்த சென்சாருக்கு, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகத் தனி எர்த் வயர் கிடையாது, அதன் மரை எஞ்சினைத் தொட்டால்தான் உண்டு. டேப்பைப் பிரித்ததும் முள் எழுந்தது.

* * *

அண்ணா, உங்களுடைய பத்மினி நெகட்டிவ் எர்த். நான் யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பது மொரிஸ் மைனர் 1000, பொசிட்டிவ் எர்த். பற்றரியின் பிளஸ்தான் பொடியில், அதாவது வாகனத்தின் இரும்பு உடலில், இருக்கும். அது தெரிந்துகொண்டே பிழை விட்டவன் நான்.

புது ஆர்.பி.எம். மீற்றரின் வயர்களை மாற்றிக் கொடுத்தால் சரிவரும் என்று நினைத்தேன். வயரை மாற்றினேன், ஆனால் மீற்றரின் இரும்புக் கூடு உள்ளுக்குள்ளே மைனஸோடு சேர்ந்திருந்தது. கூட்டைக் கொண்டுபோய் பொடியில் முறுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் வயர் புகைந்தது, மீற்றரும் போய்விட்டது.

கடைசியில் முழு வாகனத்தையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினேன். பற்றரியைத் திருப்பி, இக்னிஷன் கொயில் வயர்களை இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்ட் முனையில் பிளஸ் வயரை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான்.

துளைக்கிற பிரச்சினை எனக்கு வரவில்லை. மைனரில் ஸ்பீடோமீற்றர் நடுவில், இரண்டு பக்கமும் சாமான் வைக்கிற பெட்டி. ட்ரைவர் பக்கப் பெட்டிக்குள் ஒட்டுப்பலகை வெட்டி, அதில் மீற்றர்களைப் பதித்து இறுக்கித் தள்ளியிருக்கிறேன். இழுத்தால் பலகையோடு வெளியே வரும்.

* * *

பலகை யோசனை அருமை தம்பி. இரவில் கண்ணாடியில் மீட்டர் வெளிச்சம் பிரதிபலிக்கிறதா? என்னுடையதில் எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் பல்பு போட்ட பிறகுதான் ஸ்பீடோமீட்டரோடு நிறம் ஒத்துப்போனது.