கால் ரத்தக்குழாய் அடைப்பும் உணவும்: புதுப்பிப்பு

கால் ரத்தக்குழாய் அடைப்பால் நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிப்பவர்களுக்கு பீட்ரூட் சாறு உதவும் என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் பீட்ரூட்டை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். ரத்தக்குழாய் விரிய உதவும் நைட்ரேட் சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பச்சையாக அரைத்துக் குடியுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷும் வேண்டாம். நைட்ரேட்டை உடலுக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தரும் நாக்குக் கிருமிகளை அது அழித்துவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட் சாற்றைத் தவிர்க்கட்டும்.

இந்த வரிசையில் கோகோவையும் சொல்லலாம். 2020-இல் வெளியான 44 பேர் கொண்ட சிறிய ஆய்வில், தினம் 15 கிராம் கோகோவும் 75 மில்லிகிராம் எபிகேடசினும் (கோகோவில் உள்ள ஃபிளவனால் வகைச் சத்து) 6 மாதம் எடுத்தவர்கள், 6 நிமிட நடையில் மற்றவர்களைவிட சுமார் 42 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் ஆல்கலி சேர்த்த கருங்கோகோவில் ஃபிளவனால் பெரும்பாலும் போயிருக்கும். கடைச் சாக்லேட் பானம் பெரும்பாலும் சர்க்கரைதான்.

நம்ம வேலூர்ப் பக்கத்துக் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல் நல்லதுதான். சர்க்கரை நோயாளிகள் களியின் அளவைக் குறைக்கணும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரை அளவைத் திடீரென மாற்றக் கூடாது.

எந்த உணவும் நடைக்கு மாற்றல்ல. மருத்துவரைக் கேட்டுவிட்டு, கோட்டையைச் சுற்றி வலி வரும்வரை நட, உட்கார், மறுபடி நட: வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். ஓய்வில் வலித்தாலோ, புண் ஆறாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.