நரம்பு அறுந்தபின் வரும் அழற்சிக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

பிசியோதெரபி மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன்; திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கையில் நரம்பு அறுந்தால் வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைகிறது. 1850இல் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிக் கண்டறிந்த சிதைவு அது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் அழைக்க, இரண்டு மூன்று நாளில் இரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் வந்து, சிதைந்த நரம்புறையான மையலின் குப்பையை விழுங்குகின்றன. குப்பை கிடந்தால் புது நரம்பிழை சரியாக வளராது. இந்த அழற்சியை 'நரம்பழற்சி' என்று எழுதியிருந்தேன். "அது வியாதியாச்சே மேடம், குறைக்க மாத்திரை கொடுக்க வேண்டாமா?" என்றாள் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. வேறு சொல் தாருங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, நரம்பழற்சி நியூரைட்டிஸ் என்ற நரம்பு நோய்க்கென்று நிலைத்த சொல்; அதை அசைக்க வேண்டாம். சுழல்–சுழற்சி, முயல்–முயற்சி போல அழல்–அழற்சி. 'சி' தொழிற்பெயர் விகுதி. செயலைத்தான் சொல்கிறது, நோய் என்ற பொருளை ஏற்றியது நாம். அழல், தழல் ஓரினம். 'அழு'வும் இதே வேர் என்பது என் துணிபு: வெந்த புண்ணும் நீர் வடிக்கும், கண்ணும் நீர் வடிக்கும். 'அழல்வினை' என்று எழுதுங்கள்.

மறுமொழி (சித்த மருத்துவர்):

ஐயா, அழுகையை இதில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றையும் வளி, அழல், ஐயம் என்னும்போது அழல் பித்தம். அழல்வினை என்றால் எங்கள் மாணவர்கள் பித்தத்தின் வேலை என்றே படிப்பார்கள். அழற்சிக்குப் பழைய சொல் 'தாபிதம்' இருக்கிறதே?

மறுமொழி (தமிழாசிரியர்):

தாபம் வடசொல். அழல் நம் வீட்டிலேயே எரியும்போது இரவல் நெருப்பு எதற்கு?

மறுமொழி (மதுரை, செவிலியர்):

சார், வார்டில் நரம்பு என்றாலே சிரை என்னும் இரத்தக் குழாய்தான். 'நரம்பு ஊசி' என்று கேட்டதில்லையா? டிரிப் ஏற்றிய இடம் சிவந்தால் "நரம்பு வீங்கிருச்சு சிஸ்டர்" என்கிறார்கள். முதலில் அந்தக் குழப்பத்தைத் தீருங்கள். அப்புறம், தனிமடலில் ஒருவர் சொன்ன 'சீரழற்சி' வேண்டவே வேண்டாம். கண் அதைச் சீரழிவு என்றுதான் வாசிக்கும்.

மறுமொழி (பிசியோதெரபி ஆசிரியை):

சரி, எனக்கு நாள் இல்லை. இந்த அழற்சியை நல்லது என்று மட்டும் சொல்லும் பெயரும் உதவாது. நாள்பட்டால் இதுவே வலியாகிறது. அதனால் 'காய அழற்சி' என்று எழுதி, 'நோயன்று, காயத்துக்கு உடல் தரும் முதல் பதில்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.

மணிக்கட்டில் கண்ணாடி வெட்டி, தையல் போட்டு வந்த ஒரு தறிக்காரருக்கு உள்ளங்கையை விரலால் தட்டிப் பார்ப்பேன். சுரீரென்று ஓடும் இடம்தான் புது இழை வளர்ந்து வந்திருக்கும் நுனி; அங்கே மையால் புள்ளி வைப்பேன். நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்ச்சி. மூன்று வாரத்தில் புள்ளி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. "உள்ளே குப்பை அள்ளியாச்சு, இப்போ வேர் விடுது" என்றேன். புரிந்துகொண்டார்.

மறுமொழி (தமிழாசிரியர்):

அவருக்குச் சொன்னதில் அழற்சி என்ற சொல்லே இல்லையே அம்மா! பாடம் போகட்டும். அழல்வினையை நான் கைவிடவில்லை. 'அழு' பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.