ஆச்சி வீடு குழு: மச்சில் கிடைத்த பாரதம்

வெள்ளிக்கிழமை

கோமதி: மச்சை ஒதுங்கவைக்கிறேன். அப்பாவுடைய மரப்பெட்டிக்கு அடியில் வில்லிபாரதம் கிடக்கிறது. அட்டை போய்விட்டது, உள்ளே செல்லரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடைய பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்னால் வீடு கழுவ வேண்டும். இதை எங்கே வைக்கட்டும்?

கோமதி: [படம்]

காந்திமதி: வீட்டில் வைக்காதே கோமதி. பாரதம் இருக்கிற வீடு பிரியும் என்பார்கள். நம் வீட்டைப் பார்த்தாலே தெரியவில்லையா?

கோமதி: அம்மாதானே மதினி தினம் அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலு: ஆற்றில் விட்டுவிடலாம். ஞாயிறு எப்படியும் படித்துறைக்குப் போகிறோம்.

பாளை மாமா: விடாதீர்கள்

பாளை மாமா: கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் யாரும் ஒன்றும் செய்யவேண்டாம்.

முத்து சென்னை: சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில்தான் இருக்கிறது. யாருக்காவது எமர்ஜென்சி கோட்டாவில் ஆள் தெரியுமா?

வேலு: தட்கல் பார்

முத்து சென்னை: பார்த்தாயிற்று சித்தப்பா... இல்லை, மாமா

வேலு: இரண்டும் சரிதான் 😄

பாளை மாமா: காந்திமதி, நீ சொல்கிற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முழுப் பாரதத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்றுதான் சொல்வார்கள், உங்கள் மாமனார் வைத்திருந்தது முழுப் பாரதமே இல்லை. வியாசருடையது 18 பருவம், அதாவது பாகம். வில்லிபுத்தூரார் பாடியது 10 பருவம், 4300 பாட்டுக்கு மேல், சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டார். துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான், அசுவத்தாமன் ராத்திரி பாசறைக்குள் புகுந்து தூங்குகிற பிள்ளைகளை வெட்டுகிறான், அத்தோடு கதை கிட்டத்தட்ட முடிந்தது. செத்தவர்களுக்குக் கங்கையில் தண்ணீர் விடுவது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்து நீதி சொல்வது எதுவும் அதில் கிடையாது, அதற்கெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் வந்த நல்லாப்பிள்ளை பாரதத்துக்குத்தான் போகவேண்டும். அதனால் பயப்படாமல் பெட்டியின் மேலே ஒரு வேட்டியை விரித்து வை கோமதி. மழை பொய்த்த வருஷம் அத்தான் இதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து விராட பருவம் வாசித்தார். அக்கா எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள், விளக்கு அணையக்கூடாது என்று.

சிவசுப்பு: சரி மாமா

கோமதி: மழை பெய்ததா?

பாளை மாமா: பெய்தது.

காந்திமதி: பெய்யட்டும். நம் வீட்டுக்குள் எதற்கு?

செல்வி: தாத்தா ஒரு சந்தேகம். இரண்டு ராஜ குடும்பம் சண்டை போட்டது என்று பாடத்தில் இருந்தது. நீங்கள் எப்போதும் ஒரே குடும்பம் என்கிறீர்கள்.

முத்து சென்னை: ஏன் செல்வி கேட்டாய் 🙏

பாளை மாமா: நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் இறந்துவிட்டான். வம்சம் அற்றுப்போகக்கூடாது என்று அவன் தாய் சத்தியவதி தன் மூத்த மகன் வியாசரை அழைத்தாள். அப்படிப் பிறந்தவர்கள் திருதராட்டிரன், பாண்டு, பணிப்பெண் வயிற்றில் விதுரன். மூத்தவனுக்குக் கண் இல்லை, அதனால் இளையவன் பாண்டுவுக்கு முடி. பாண்டு காட்டுக்குப் போய் அங்கேயே இறந்துபோக, நாடு அண்ணன் கையில் நின்றது. அடுத்த தலைமுறையில் துரியோதனன் மூத்தவருடைய மகன். தருமன் முடிசூடியவருடைய மகன், வயதிலும் அவன்தான் மூத்தவன். இரண்டு பேரும் ‘எனக்கு’ என்று சொல்ல இடம் இருந்தது பார், அங்கேதான் எல்லாம் ஆரம்பம். பாதியைப் பிரித்துக் கொடுத்தார்கள், அதுவும் நல்ல பாதி இல்லை, காண்டவப்பிரஸ்தம் என்ற காடு. அதை அவர்கள் இந்திரப்பிரஸ்தமாக்கி நன்றாக இருந்ததுதான் துரியோதனனுக்குப் பொறுக்கவில்லை.

சிவசுப்பு: மூத்தவருடைய மகனுக்கு உரிமை உண்டுதானே

கோமதி: அண்ணே இப்போது அதை எடுக்காதே

சிவசுப்பு: கதையைத்தான் கேட்டேன்

பாளை மாமா: உண்டு சிவசுப்பு, அவன் பக்கமும் நியாயம் கொஞ்சம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 12 வருஷம் வனவாசம், 1 வருஷம் மறைந்திருந்து, எல்லாம் முடித்து வந்தவர்கள் கடைசியில் ஐந்து ஊர் போதும் என்றார்கள். ஊசி முனை அளவு மண்கூடத் தரமாட்டேன் என்றான். அந்த இடத்தில் அவன் பக்க நியாயம் முடிந்துபோயிற்று.

காந்திமதி: மாமா யாரைச் சொல்கிறீர்கள்? நடுச்சுவர் அளந்து கட்டினது. எங்கள் பக்கம் ஓர் அடி அதிகம் என்று இன்னும் யாராவது நினைத்தால் வந்து அளந்து பார்க்கட்டும்.

சிவசுப்பு: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

முத்து சென்னை: அப்பா என்ன போட்டீர்கள்

வேலு: சமையல்காரர் கேட்கிறார். 200 இலையா 250ஆ? இன்று சாயங்காலம் முன்பணம் கொடுக்க வேண்டும்.

கோமதி: 250

சிவசுப்பு: 200 போதும்

கோமதி: தூத்துக்குடியிலிருந்து வருவார்கள் அண்ணே

சிவசுப்பு: யார் சொன்னது?

பாளை மாமா: சோற்றில் கணக்குப் பார்க்காதே சிவசுப்பு. புறநானூற்றில் இரண்டாவது பாட்டு, முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியது. பாரதப் போரில் ஐவருக்கும் நூற்றுவருக்கும் சண்டை நடந்தபோது சேரன் ஒருவன் குறைவில்லாமல் சோறு போட்டானாம், அதனால்தான் அவனுக்குப் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்றே பெயர். இரண்டு படைக்கும் போட்டான் என்பது பழைய உரை. அது போரில் இறந்தவர்களை நினைத்துப் படைத்த சோறு என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, குருசேத்திரம் எங்கே சேர நாடு எங்கே. எப்படிப் பார்த்தாலும் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டு இலை போடவில்லை.

வேலு: 250 சொல்லிவிட்டேன்

வேலு: வடை ஆளுக்கு ஒன்றா இரண்டா?

கோமதி: ஒன்று. மொச்சை வேண்டாம், பாயசம் பாசிப்பருப்பு.

முத்து சென்னை: அப்போது பாண்டியன் எந்தப் பக்கம் தாத்தா? நம் பக்கத்து ராஜா அவர்தானே.

பாளை மாமா: பாண்டவர் பக்கம். கர்ண பருவத்தில் அசுவத்தாமன் கையால் விழுகிறான். நன்றாகச் சண்டை போட்டவன், வியாசர் அவனைக் குறைத்துச் சொல்லவில்லை.

செல்வி: போன மாதம் கிருஷ்ணாபுரம் போனோமே, கர்ணன் சிலை எடுத்தேன்

செல்வி: [படம்]

தேவி: எவ்வளவு அழகு! கையில் பாம்பா அது?

செல்வி: நாகாஸ்திரம் மதினி. நகத்தில்கூட வேலைப்பாடு தெரியும், திருச்செந்தூர் ரோட்டில்தான், நீங்கள் வரும்போது போவோம்.

தேவி: எங்கள் செய்யாறு பக்கம் காரியத்துக்கு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு வைத்தோம். விடியற்காலம் கர்ணன் சாகும்போது வீட்டுப் பெண்கள் எல்லாம் அழுதுவிடுவார்கள். இங்கே அப்படி இல்லையா?

கோமதி: இங்கே கூத்து கிடையாதும்மா. கொடைக்கு வில்லுப்பாட்டுதான்.

பாளை மாமா: தேவி, நீ சொன்னது ரொம்பச் சரியான இடம். எழுதுகிறேன் இரு.

முத்து சென்னை: தேவி உனக்குத் தெரியாது, இனி ஒரு மணி நேரம்

பாளை மாமா: போர் 18 நாள். 18 அக்குரோணி சேனை, துரியோதனன் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7. ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். கடைசியில் மிஞ்சியது பாண்டவர் பக்கம் ஐவர், கிருஷ்ணன், சாத்தியகி. துரியோதனன் பக்கம் கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன். இன்னும் யுயுத்சு, அவன் திருதராட்டிரனுக்குப் பிறந்தும் பாண்டவர் பக்கம் வந்தவன். இவ்வளவும் முடிந்தபிறகு தருமன் இரண்டு பக்கத்துப் பிணங்களுக்கும் சேர்த்துத்தான் தீ வைக்கச் சொன்னான், கேட்க ஆள் இல்லாத பிணங்களுக்கும் சேர்த்து. விதுரர், சஞ்சயன், யுயுத்சு எல்லாரும் நின்று செய்தார்கள். அப்புறம் திருதராட்டிரனை முன்னால் விட்டுக்கொண்டு எல்லாரும் கங்கைக்குப் போனார்கள். அந்தக் கிழவர் யார்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பீமனைக் கட்டிப்பிடிக்கிறேன் என்று சொல்லி நொறுக்கப் பார்த்தவர், கிருஷ்ணன் இரும்புப் பொம்மையைத் தள்ளியதால் பீமன் பிழைத்தான். அவர் பின்னால்தான் நடந்து போனார்கள். கரையில் தண்ணீர் விடும்போது குந்தி வாய் திறக்கிறாள், கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் மூத்த அண்ணன், என் வயிற்றில் பிறந்தவன் என்று. தருமன் கர்ணன் வீட்டுப் பெண்களை வரவழைத்து அவர்களோடு சேர்ந்து தண்ணீர் விடுகிறான். வில்லிபாரதத்தில் இந்த இடம் இல்லை. அத்தானுக்கு அதில் பெரிய குறை. ஒவ்வொரு தடவை புத்தகம் முடிக்கும்போதும் இதை வாயால் சொல்லித்தான் முடிப்பார், அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

தேவி: 😢

செல்வி: அதற்கு அப்புறம் தருமர் பெண்களுக்கு இனி ரகசியம் தங்காது என்று சாபம் கொடுத்தாரே, அதை விட்டுவிட்டீர்களே தாத்தா

பாளை மாமா: கொடுத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவள் எந்த வயதில், எந்தப் பயத்தில் பிள்ளையை ஆற்றில் விட்டாள் என்று அவன் ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

காந்திமதி: ரகசியம் தங்காதது யாருக்கு? போன தை மாதம் வீட்டு விஷயத்தை டீக்கடையில் சொன்னது பெண்களா?

வேலு: நான் இல்லை

காந்திமதி: உங்களைச் சொல்லவில்லையே தம்பி 😄

பாளை மாமா: நேராகவே கேட்கிறேன். தூத்துக்குடியில் இருக்கிற உங்கள் தம்பி ஆறுமுகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு யார் கூப்பிட்டீர்கள்?

கோமதி: ...

சிவசுப்பு: சுடுகாட்டுக்கு வந்தான். நின்றான். போய்விட்டான். வீட்டு வாசல்கூட மிதிக்கவில்லை.

பாளை மாமா: வந்தானா இல்லையா?

சிவசுப்பு: வந்தான்

பாளை மாமா: அப்போது பதினாறுக்கும் அவனுக்குப் பங்கு உண்டு. தண்ணீர் விடுவதற்குச் சுவர் கிடையாது சிவசுப்பு. போர் முடிந்து 15 வருஷம் திருதராட்டிரன் பாண்டவர் வீட்டில்தான் சாப்பிட்டார். காட்டுக்குக் கிளம்பும்போது செத்துப்போன பிள்ளைகளுக்குச் சிராத்தம் செய்யப் பணம் கேட்டார். பீமன் துரியோதனன் பெயரில் ஒரு காசு தரமாட்டேன் என்றான். தருமன் என்ன செய்தான் தெரியுமா, தன் பங்கிலிருந்தும் அர்ச்சுனன் பங்கிலிருந்தும் எடுத்துக் கொடுத்தான். பீமன் கோபத்தை அவன் தப்பென்றும் சொல்லவில்லை. அது கோபம் உள்ளவனோடும் இருக்கத் தெரிந்த மனசு.

முத்து சென்னை: தாத்தா நீங்கள் யார் பக்கம்? தாய்மாமன் சல்லியன்கூட எதிர்ப்பக்கம் போனவர்தானே.

பாளை மாமா: சல்லியன் நகுல சகாதேவருக்குத் தாய்மாமன். படையோடு பாண்டவரிடம் வந்துகொண்டிருந்தவனை வழியில் பந்தலும் விருந்தும் வைத்துத் துரியோதனன் மடக்கினான், இவனும் செய்தது யாரென்று தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டான். எனக்கு அவனைப் பிடிக்காது. தாய்மாமன் அந்த மாதிரி நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடந்திருக்க வேண்டும். நான் நாளைக் காலை தூத்துக்குடி பஸ் ஏறுகிறேன். சிவசுப்பு, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா?

(நீண்ட நேரம் யாரும் எழுதவில்லை)

வேலு: வேன் ஒன்று சொல்லியிருக்கிறேன் படித்துறைக்கு. 6 மணி.

காந்திமதி: அவர் பூஜை அறையில் இருக்கிறார் மாமா

பாளை மாமா: இருக்கட்டும்

சிவசுப்பு: அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்

பாளை மாமா: சரி

கண்ணன் தூத்துக்குடி: தாத்தா வணக்கம். எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவிடம் படித்தும் காட்டினேன்.

கோமதி: கண்ணா! என்ன சொன்னான் உன் அப்பா?

கண்ணன் தூத்துக்குடி: வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை அத்தை. நாளைக்கு தாத்தாவை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்துவா என்று என்னிடம் சொன்னார்.

கோமதி: போதும் 🙏

கண்ணன் தூத்துக்குடி: இன்னொன்று கேட்கச் சொன்னார். உத்தியோக பருவத்தில் குந்தி கர்ணனைப் பார்க்க வருகிற இடத்தில் ஆச்சி வீட்டுத் தாத்தா பென்சிலில் ஏதோ எழுதியிருப்பாராம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா அத்தை? அந்தப் புத்தகம் யாருக்கும் வேண்டாம் என்றால் அவர் எடுத்துக்கொள்கிறாராம்.

சிவசுப்பு: யார் சொன்னது வேண்டாம் என்று?

காந்திமதி: நீங்கள்தானே ஆற்றில் விடலாம் என்பதற்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள்

சிவசுப்பு: அப்பா புத்தகம் அது. நான் இன்னும் பார்க்கவே இல்லை.

முத்து சென்னை: கண்ணா ஞாயிறு காலை ஜங்ஷனில் என்னை ஏற்றிக்கொள்ள முடியுமா? டிக்கெட் கிடைத்தால்.

கண்ணன் தூத்துக்குடி: அப்பா கார் எடுத்தால் வருகிறேன் அண்ணே

கோமதி: பக்கம் தேடுகிறேன். பாளை மாமா, குந்தி வருவது எந்தப் பாகம்?

பாளை மாமா: உத்தியோக பருவம். கிருஷ்ணன் தூது போய் வந்த இடத்துக்குப் பக்கத்தில் பார். தாள் மடிந்திருக்கும், பார்த்துப் புரட்டு.

வேலு: சமையல்காரர் கறிக்காய் லிஸ்ட் அனுப்பிவிட்டார். யார் மார்க்கெட்டுக்கு வருகிறீர்கள்?